பேய்க்கு மீட்டர் பார்த்தவர்

பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டின் பெயரையும் சொல்ல மாட்டேன். கேட்டுப் பிரயோஜனம் இல்லை. ஷிகோகு தீவின் தெற்கே ஓர் ஆறு மலையிலிருந்து இறங்கி எங்கள் ஊரில் கடலைச் சேர்கிறது. அந்த ஆற்றோரமாகவே மேலே நடந்தால் பள்ளத்தாக்கு. இவ்வளவு போதும். அதற்கு மேல் தெரிந்துகொண்டு யாரும் எதையும் சாதிக்கப் போவதில்லை. தெரிந்துகொள்ளப் போன ஒரு மனுஷனின் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் ஃபுசாயே. ஊரில் இருந்த ஒரே அச்சாபீஸ் என்னுடையது. புருஷன் போருக்குப் போனான், திரும்பி வரவில்லை. கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள், புத்தாண்டு வாழ்த்து அட்டை என்று நானே எழுத்துக் கோத்து, நானே மிஷினை மிதித்து, பையனை வளர்த்தேன். என் வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். தனியாகக் கடை நடத்துகிறவளுக்கு வாயும் இல்லாவிட்டால் நாறிப் போயிருப்பேன்.

முகாய் தெய்ஜி மின்சாரக் கம்பெனியில் மீட்டர் பார்க்கிறவர். ஒல்லியான ஆள். காதில் பென்சில், தோளில் கித்தான் பை, வலது கால்சட்டை நுனியில் சைக்கிள் கிளிப். மாதம் ஒருமுறை எங்கள் ஊரிலும் பள்ளத்தாக்கிலும் ஒவ்வொரு வீட்டுக் கொல்லைப்புறத்துக்கும் போய் வருவார். போகிற இடத்தில் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தால் போதாதா? இவருக்குப் போதாது. கிணற்றில் அழுகைச் சத்தம் கேட்கிறது, மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று எந்த வீட்டிலாவது சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை டார்ச்சும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். தெருமுனையில் அவர் தலை தெரிந்தாலே மீன்காரர்கள், "வர்றாருய்யா, பேய்க்கு மீட்டர் பாக்குறவரு. ஏதாச்சும் பேய் இந்த மாசம் பாக்கி வெச்சிருக்கா?" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் விஷயம் தெரிந்த மனுஷர். துறைமுகப் பக்கத்துச் சத்திரத்தில் ஓர் அறை இருந்தது. அதில் படுத்தவர்களுக்கெல்லாம் நெஞ்சை அழுத்தும், தலை பிளக்கும், மூலையில் ஒரு பெண் நிற்பது போலத் தெரியும். பூசாரி வந்து மந்திரம் சொல்லிவிட்டுப் போனார், பெண் போகவில்லை. முகாய் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். பின்பக்கம் குளியலறை அடுப்பு. சுவரில் விரல் நுழைகிற விரிசல். கரிப்புகை அந்த வழியே அறைக்குள் வந்துகொண்டிருந்தது. களிமண் பூசி அடைத்ததும் பெண் போய்விட்டாள். இப்படி முப்பது நாற்பது பேய்களை அவர் ஒழித்திருக்கிறார். ஒவ்வொன்றையும் நான்கு பக்கத் துண்டுப் பிரசுரமாக என்னிடம்தான் அச்சடிப்பார்.

அவருக்கு ஒரு முறை உண்டு. எந்தக் கேள்வியையும் மூன்று பேரிடம் கேட்பார். அந்த மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாக இருக்க வேண்டும். "பேசிக்கிறவங்க ஒரே பொய்யச் சொல்லுவாங்க, அச்சாபீஸ்காரம்மா. பேசிக்காதவங்க மூணு பேரு ஒண்ணு போல சொன்னா அது நெசம்," என்பார். கெட்டிக்காரத்தனம் என்று நானும் நினைத்தேன்.

அவர் மனைவி ஹிசானோவை எனக்குப் பிடிக்காது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. எந்த நல்லதைக் கண்டாலும் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. என் மகன் பிறந்து நூறாம் நாள் அவனைப் பட்டுத் துணியில் சுற்றிக் கோயிலுக்கு எடுத்துப் போனபோது வழியில் எதிர்ப்பட்டாள். நான் துணியை விலக்கிக் காட்டினேன். அவள் வானத்தைப் பார்த்து, "மழ வரும் போலருக்கு," என்றுவிட்டு நடையைக் கட்டினாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் பத்தொன்பது வருஷம் ஆறவில்லை. அவள் பெற்ற மகள் கினுவேயிடமே அப்படித்தான். திருவிழாவுக்குப் புது கிமோனோ கட்டிக்கொண்டு அந்தப் பெண் வந்து நிற்கும். "நேரமாச்சு, கெளம்பு," என்பாள் இவள். திமிர் பிடித்தவள், பெற்ற வயிறு கல் என்று ஊரே பேசியது. முகாயே ஒருமுறை என்னிடம், "நான் மீன் சமைச்சாலும் சரி, வீடு கட்டினாலும் சரி, அவ கண்ணுக்கு ஒண்ணுதான்," என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

சரி, நாய் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து மலைகளில் சில வீடுகளை இனுகாமி வீடு என்பார்கள். நாய்ப் பேய் குடியிருக்கிற வீடு. ஆதியில் எவளோ ஒருத்தி பகையைத் தீர்க்க ஒரு நாயைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, வாய்க்கு எட்டாத தூரத்தில் சோற்றை வைத்து, பசி உச்சிக்கு ஏறின வேளையில் தலையை வெட்டினாளாம். வெட்டுப்பட்ட தலை பறந்து போய்ச் சோற்றைக் கவ்வியதாம். அந்தப் பசி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும், மகளிடமிருந்து பேத்திக்குப் போகும். அந்த வம்சத்துப் பெண் பிறத்தியார் பொருளைப் பார்த்து ஆசைப்பட்டால் அவளுக்கே தெரியாமல் நாய் கிளம்பிப் போய்க் கடிக்கும். கடிபட்டவருக்கு நெஞ்சு வலிக்கும், குரைப்பது போல் இருமல் வரும். அப்படிப்பட்ட வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

போர் முடிந்து ஐந்தாறு வருஷத்தில் பள்ளத்தாக்கிலிருந்த அந்த வீட்டுப் பெண் ஒருத்தியை, எட்டு மாதத்திலேயே புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமியாருக்கு இருமல் வந்துவிட்டதாம். தாய் வீட்டு வாசல் வரை வந்தவள் உள்ளே போகாமல் ஆற்றில் இறங்கிவிட்டாள். மறுநாள் காலை மீட்டர் பார்க்கப் போன முகாய்தான் அவள் உடலைக் கரையில் கண்டார். ஈரமான துணிகளோடு அவளைத் தூக்கிக்கொண்டு வந்த கையை அவர் ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் கிணறு, மாடி, சத்திரம் எதற்கும் அவர் போகவில்லை. அந்த ஒரு பேயின் வேரைப் பிடித்தே தீருவதென்று ஆறு வருஷம் அலைந்தார்.

ஒரு வசந்த காலத்துக் காலையில் கடைக்குள் வந்தவர் பையைக்கூட இறக்காமல் பேச ஆரம்பித்தார்.

"கண்டுபுடிச்சிட்டேன், அச்சாபீஸ்காரம்மா. பள்ளத்தாக்குக் கோயில்ல செத்தவங்க பேரெழுதுற ஏடு இருக்குல்ல, இருநூறு வருஷத்து ஏடு, சாமியார் காட்டினாரு. ஒரு குளிர்காலத்துல மட்டும் முப்பத்தொரு பேரு. பத்தொம்பது பேரு கொழந்தைங்க. பெரியம்மை. ஊர்ல சாவு விழாத வீடு ஒண்ணே ஒண்ணு. அந்த வீடு. அஞ்சு புள்ளைங்க, அஞ்சும் பொழச்சிருச்சு."

"அதுக்கென்ன?"

"அடுத்த வருஷத்துப் பக்கத்துல ஓரமா ஒரு வரி. அந்த வீட்ல நாய் வளக்குறாங்கன்னு ஊரார் போய்க் கேட்டாங்கன்னு. அதுக்கு முன்னாடி எந்த ஏட்டுலயும் நாயின்னு ஒரு சொல்லு கெடையாது. வெட்டின தல, பறந்த தல எல்லாம் அப்புறம் சேத்த கத." அப்போதுதான் பையை இறக்கி வைத்தார். "அவங்க செஞ்ச தப்பு அவங்க புள்ளைங்க சாகாததுதாம்மா."

பத்தொன்பது குழந்தைகளைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் அந்த வீட்டு முற்றத்தில் ஐந்து குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்திருப்பார்கள். அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

முகாய் இதைச் சின்னப் பிரசுரமாக விடப் போவதில்லை, புத்தகமாகப் போடப் போகிறேன் என்றார். சாபம் பொய் என்று காட்ட ஓர் அட்டவணையும் போட்டிருந்தார். ஏழு தலைமுறையில் அந்த வீட்டிலிருந்து வெளியே போன பெண்கள் நாற்பத்தாறு பேர். யார், எங்கே வாழ்க்கைப்பட்டார்கள், போன இடத்தில் எத்தனை நோய், எத்தனை சாவு. அக்கம்பக்கத்தைவிட ஒன்றுகூட அதிகமில்லை என்று காட்டுகிற கணக்கு.

"பேரெல்லாம் போடணுமா?" என்று கேட்டேன்.

"பேரு இல்லேன்னா எவன் நம்புவான்?" என்றார். பிறகு பேச்சுவாக்கில் இதையும் சொன்னார்: "அந்த வீட்டுப் பொண்ணுங்களுக்குச் சின்ன வயசுலயே ஒண்ணு சொல்லிக் குடுப்பாங்களாம். எதப் பாத்தும் நல்லாருக்குன்னு சொல்லக் கூடாது. அடுத்தவங்க கொழந்தைய உத்துப் பாக்கக் கூடாது. ஆச வந்தா நாய் கெளம்பிருமாம். பாவம், எப்படி இருந்திருக்கும் அந்த வாழ்க்க?"

என் கையிலிருந்த ஈய எழுத்து அப்படியே நின்றது. மழை வரும் போலருக்கு என்ற குரல் காதில் கேட்டது. நான் முகாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் சந்தோஷமாகப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். இருபத்துநான்கு வருஷம் ஒரே பாயில் படுத்தவர். ஊரான் வீட்டுச் சுவரெல்லாம் தட்டிப் பார்த்தவருக்குச் சொந்த வீட்டுச் சுவரைத் தட்டத் தோன்றவில்லை.

நான்காம் நாள் ஹிசானோ கடைக்கு வந்தாள். கையில் துணியில் கட்டிய முள்ளங்கி ஊறுகாய். கடை காலியாகும்வரை வாசலிலேயே நின்றாள்.

"ஃபுசாயே-சான், அந்த அட்டவணைல முப்பத்துமூணாவது வரி இருக்குல்ல?"

"இருக்கு."

"அத எடுத்துருங்க."

"எழுதுனவரு உங்க வீட்டுக்காரரு. அவர்கிட்டல்ல சொல்லணும்?"

"அவர்கிட்டச் சொன்னா ஏன்னு கேப்பாரு."

நான் தாளை எடுத்துப் பார்த்தேன். முப்பத்துமூன்று: தோமே. பள்ளத்தாக்கை விட்டு ஒரு படகுக்காரனோடு போனவள். ஒரு பெண் குழந்தை உண்டென்று கேள்வி. போன இடம் தெரியாது.

"எங்கம்மா. இந்த ஊருக்கு வந்து பேர மாத்திக்கிட்டா, என் கல்யாணத்துக்கு முந்தியே போய்ட்டா," என்றாள் ஹிசானோ.

தேநீர் ஊற்றி வைத்தேன். அவள் தொடவில்லை. பத்து வயதில் அம்மா சொன்னாளாம், யாரிடமும் சொல்லாதே, புருஷனிடமும் சொல்லாதே என்று. நீ இதை நம்புகிறாயா என்று கேட்டேன்.

"நம்புறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. ஆனா வாயத் தொறந்தா நாக்கு ஒட்டிக்கிது. கினுவே பொறந்தப்ப மருத்துவச்சி கைல குடுத்து, பாருங்கம்மா எவ்ளோ அழகுன்னா. நான் செவுத்தப் பாத்துட்டுப் படுத்திருந்தேன். ஒங்க பையனக்கூட..." என்று நிறுத்தினாள். "நான் பாத்தேன், ஃபுசாயே-சான். நல்லாப் பாத்தேன். அதனாலதான் வானத்தப் பாத்தேன்."

பத்தொன்பது வருஷத்து ஆத்திரம் எனக்கு அங்கேயே செத்தது. வெட்கமாக இருந்தது.

"அடுத்த மாசம் கினுவேவுக்கு நிச்சயம்," என்றாள். துறைமுகத்தில் சூரைமீன் கருவாடு போடுகிற வீட்டுப் பையன் ஷுன்சாகு. தங்கமான பையன். அவள்மேல் உயிராக இருந்தான். "அவளுக்கு எதுவும் தெரியாது. என்ன வளத்த மாதிரி அவள வளக்கல, அவளுக்கு இஷ்டப்பட்டதெல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுத் திரியுறா. இது அவ காதுல விழவே கூடாது. அவளுக்கும் பொண்ணு பொறக்கும்ல."

"எடுத்துர்றேன். யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். ஒங்க பொண்ணுகிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றேன். அந்த வாக்கை ரொம்பச் சுலபமாகக் கொடுத்துவிட்டேன்.

வரியை எடுத்தேன். வரிசை எண்ணை மாற்றி நாற்பத்தைந்தாக்கிப் புரூஃப் கொடுத்தேன். மாதம் ஐந்நூறு மீட்டர் பார்க்கிறவர் கண்ணில் அது படாமல் போகுமா? அன்று சாயங்காலமே வந்து நின்றார்.

"ஒரு வரி கொறையுது."

"பக்கத்துல எடம் பத்தல. போன எடம் தெரியாதவதான? இருந்தா என்ன, போனா என்ன?" என்று அலட்சியமாகச் சொன்னேன்.

அவர் அந்த இடத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்குப் புத்தியில் தட்டியது. "அட, அந்த வரிதாம்மா முக்கியம். மத்த நாப்பத்தஞ்சு பேரும் நாய்க் கத தெரிஞ்ச ஊர்ல வாழ்ந்தவங்க. இருமினா நாயிம்பான். இவ ஒருத்திதான் யாருக்கும் தெரியாத ஊருக்குப் போனவ. அங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலேன்னு காட்டிட்டா முடிஞ்சது கத. இவளத் தேடாம விட்டுட்டனே, என்ன மடையன் நான்."

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அந்த வரியை விட்டிருந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். வேண்டாம், புத்தகம் தாமதமாகும், கம்பெனியில் திட்டுவார்கள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கித்தான் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, மழை கொட்டுகிற ஒரு மத்தியானம் வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்கள் சிவந்திருந்தன. நான் எழுந்துவிட்டேன்.

"படகுக்காரன் பேரு கெடச்சிது. நம்ம ஊராட்சி ஆபீஸ்ல குடும்பப் பதிவேட்டப் புரட்டினேன். தோமேவோட பொண்ணு யாரு தெரியுமா?"

நான் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"ஒங்களுக்குத் தெரியும்," என்றார். கோபமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். "கொழந்த பொறந்தப்ப அவ செவுத்தப் பாத்துட்டுப் படுத்திருந்தா. நான் அவளுக்கு என்னப் புடிக்கலன்னு நெனச்சேன். இத்தன வருஷமா அப்படித்தான் நெனச்சேன்."

கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது.

"ஆனா பாருங்க, நானேதான் சாட்சி. நாய் வீட்டுப் பொண்ணோட இருவத்திநாலு வருஷம் வாழ்ந்திருக்கேன். ஒரு இருமல் கெடையாது. என் பேரப் போட்டே எழுதுறேன்."

"ஒங்களுக்கென்ன பைத்தியமா? கினுவே கல்யாணம்?"

"இதுக்காகப் பின்வாங்குற வீடு நமக்கெதுக்கு?"

"ஒங்களுக்கு வேண்டாம். அவளுக்கு வேணும். ஹிசானோவக் கேட்டீங்களா? ஒரு தடவயாச்சும் வீட்ல கேட்டுட்டு ஊர்ல கேளுங்க," என்று கத்திவிட்டேன். அதிர்ந்துபோய்ப் பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார். புத்தகம் வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறவர்தான். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அப்புறம்தான் அவர் சொன்னார்: "நேத்து பள்ளத்தாக்குக்குப் போய் உறுதிப்படுத்திக்கிட்டு வந்தேன்."

"என்னத்த?"

"பதிவேடு ஒரு வாய்தான? மூணு வாய் வேணும்ல. சாமியாரக் கேட்டேன், சாராயக் கடைக் கெழவியக் கேட்டேன், கரி சுடுற ஆளக் கேட்டேன்."

"என்னன்னு கேட்டீங்க?"

"தோமே பெத்த பொண்ணு பேரு ஹிசானோதானான்னு..." சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது.

அவர்கள் மூன்று பேருக்கும் அதுவரை அது தெரியாது. இவர் கேட்டதால் தெரிந்தது. ஒருவரோடு ஒருவர் பேசாத மூன்று பேராகப் பார்த்து, மூன்று பக்கமும் பரவுகிற மாதிரி, அவரே தன் காலால் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். புத்தகமே தேவைப்படவில்லை.

நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஆளனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்கள் வழக்கம். கருவாட்டு வீட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். என் கடைக்கும் வந்தாள். கினுவேயைப் பற்றி நான் வாய் வலிக்கப் புகழ்ந்தேன். அவள் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, ஆற்றோரமாக மேலே போகிற பஸ்ஸில் ஏறினாள்.

நான்கு நாள் கழித்துத் தரகர் வந்தார். பெட்டி நிறைய இனிப்பு. மாப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது, ஆண்களுக்கு அது ஆகாத வயசாம், இப்போதைக்கு வேண்டாம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்களாம். பெண் கேட்டு வந்தபோதும் அவனுக்கு இருபத்தைந்துதான். நாய் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. அதை யாரும் சொல்வதில்லை.

ஷுன்சாகு ஒருமுறை கடைத்தெருவில் கினுவேயைக் கண்டு வேறு சந்தில் திரும்பிவிட்டான். அதைத்தான் அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு முகாய் புத்தகத் தாள்களையெல்லாம் கட்டி எடுத்துப் போக என் கடைக்கு வந்திருந்தார். கினுவே விறுவிறுவென்று உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது.

"பொதுக் குளியல் கூடத்துல பொம்பளைங்க பேசிக்கிறாங்க. பேய் புடிக்கிறவன் பொண்ண எவன் கட்டுவான்னு. நான் போனதும் நிறுத்திட்டாங்க. அதுதானப்பா? ஒங்க பேய்தானப்பா காரணம்?"

அவள் அங்கே அரைகுறையாக என்ன கேட்டாளோ, அதை வைத்துத் தானே ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முகாய் என்னைப் பார்த்தார். எந்தக் கேள்விக்கும் ஆறு வருஷமானாலும் பதில் தேடுகிற மனுஷர். இதற்கு அவரிடம் பதில் இருந்தது, ஆதாரத்தோடு, தாள் தாளாகக் கையிலேயே இருந்தது.

"ஆமாம்மா. என்னாலதான்," என்றார்.

"நான் எத்தன தடவ சொன்னேன், இதெல்லாம் விட்டுருங்கன்னு? எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"இனிமே என்னோட பேசாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு தாள்கட்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் வாசல் கதவை இழுத்துச் சாத்திய வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

அந்த இலையுதிர் காலத்திலேயே கினுவே ஒஸாகாவுக்குப் போய் நூல் ஆலையில் சேர்ந்தாள். அங்கேயே ஒரு டிராம் ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். அனாதைப் பையன், விசாரித்து வர அவன் பக்கத்தில் ஆளில்லை. அம்மாவுக்கு மட்டும் கடிதம் வரும். அதில் அப்பா என்ற எழுத்தே இருக்காது. பெண் குழந்தை பிறந்தபோது ஹிசானோ மட்டும் போய் வந்தாள். முகாய் ரயிலடி வரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தார்.

அவர் மீட்டர் பார்ப்பதை விடவில்லை. ஆனால் எந்த வீட்டிலும் மீட்டரைத் தாண்டி ஓரடி வைக்க மாட்டார். யாராவது மாடியில் சத்தம் கேட்கிறது என்றால் காது கேளாதவர் போல எண்ணை எழுதிக்கொண்டு போய்விடுவார். மீன்காரர்களும் கிண்டலை விட்டுவிட்டார்கள். பள்ளத்தாக்கில் அந்த வீட்டைப் பற்றிய பேச்சு முன்னைவிடக் கூடித்தான் போயிற்று. ஊரை விட்டு ஓடினவளையும் நாய் விடவில்லை, பேத்தி கல்யாணத்தையே கெடுத்துவிட்டது பார் என்று. சாபம் பொய் என்று காட்டப் போய், அதற்கு இன்னொரு சாட்சியை அவரே உண்டாக்கிக் கொடுத்துவிட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லி அழவில்லை. என்னிடம் ஒரே ஒருமுறை, "அவளுக்கு ஒரு கடுதாசி போடட்டுமா?" என்று கேட்டார். என்ன எழுதுவீர்கள் என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

பத்தாவது வருஷம் வயிற்றில் கட்டி வந்து மூன்று மாதத்தில் போய்விட்டார். கினுவே தகனத்தன்று காலைதான் வந்தாள். கூடவே ஆறு வயது மகள், முன்பல் இரண்டும் விழுந்தவள். கிழவர் படத்தைப் பார்த்து, "இது யாரும்மா?" என்று கேட்டாள்.

தகனக் கூடத்தில் எலும்பு ஆறுகிறவரை காத்திருக்கும் அறையில் கினுவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஒங்கள ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அப்பா என்னாலதான்னு சொன்னப்ப ஒங்களப் பாத்தாரு. ஏதோ மறைக்கிறாருன்னு அப்பவே தோணுச்சு. இத்தன வருஷமா அது உறுத்திட்டே இருக்கு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற ஏதாச்சும் காரணம் இருந்துச்சா? இருந்தா சொல்லுங்க. ஒரு வார்த்த சொல்லுங்க, நான் அவரக் கும்புட்டு அனுப்பிர்றேன்."

தேநீர்த் தட்டோடு வந்த ஹிசானோ வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, பேத்தியைப் பார்த்தாள். குழந்தை ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வெளியே எதையோ பார்த்து, "ஐ, எவ்ளோ அழகு," என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் நாக்கின் நுனிவரை வந்தது. அந்த மனுஷனுக்கு நான் செய்யக் கூடியது அது ஒன்றுதான். அதைச் சொல்லியிருந்தால் அவர் எலும்பு முன்னால் மகள் அழுதிருப்பாள்.

"வேற காரணம் ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "ஒங்கப்பாவோட பேய்ப் பைத்தியந்தான்."

கினுவே என் கையை விட்டாள். "அப்போ நான் நெனச்சது சரிதான்," என்றாள்.

மணி அடித்து உள்ளே கூப்பிட்டார்கள். பிள்ளைகள்தான் முதலில் குச்சியால் எலும்பை எடுத்துப் பானையில் போட வேண்டும். ஊழியர் நீட்டிய குச்சிகளை அவள் வாங்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி வெளியே போய்விட்டாள். ஹிசானோவின் குச்சியில் எதுவும் நிற்கவில்லை. நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன்.